சுடுதண்ணி அக்கா வரி கட்டிய கதை

வருமான வரி கட்டச் சொல்லி அரசாங்கம் ஆட்களைத் துரத்துவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வரியை வாங்கு என்று அரசாங்கத்தைத் துரத்திய ஒரு மனிசியை நான் நேரில் கண்டிருக்கிறேன். அவருக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்த பாவியும் நான்தான். "உங்களுக்கு வரி இல்லை" என்று சொன்னதற்காக மூக்கைச் சிந்தி அழுத ஒரே பிறவி இந்த உலகத்திலேயே வவுனியா குருமன்காட்டுச் சுடுதண்ணி அக்காதான் என்று எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன்.

அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்தில், ஒருவரும் அதைப் பாவித்ததில்லை. இடியப்ப மாவைக் குழைக்கக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். அவருடைய அடுப்பில் அது எந்த நேரமும் கொதித்தபடி இருக்கும், வாயும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். ஆகவே அவருக்குக் கேட்காத தூரத்தில் நின்று சுடுதண்ணி என்போம், கேட்கும் தூரத்தில் அக்கா என்போம். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. சண்டையில் வீடும் வலையும் போன பிறகு, கணவர் மிச்சமிருந்த ஒரு வள்ளத்தோடு வன்னிக்குள்ளேயே நின்றுவிட, உயர்தரம் படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வவுனியாவுக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வளவில் கார் இல்லாத ஒரு கார்க் கொட்டில் கிடந்தது. அதில் பாதியை வாடகைக்கு எடுத்து, இடியப்பம் அவித்து விற்றுச் சீவித்தார்.

எங்கள் வளவு என்றால் எனக்குச் சொந்தமானது என்று நினைத்துவிட வேண்டாம். வெளியூர் அரச உத்தியோகத்தர் ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்த வீடு அது. அப்படியான வீட்டைச் சமறி என்று சொல்வோம். அங்கே இருந்த ஒருவருக்கும் தேத்தண்ணீருக்கு மேல் சமைக்கத் தெரியாது, எனக்கு அதுவும் தெரியாது. நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கணக்குப் பகுதி எழுதுவினைஞன். என் வேலை, மற்ற உத்தியோகத்தர்களின் பிரயாணப்படி வவுச்சர்களில் கூட்டல் சரியா என்று பார்ப்பது. நான் சரி பார்த்து அனுப்பியவற்றில் பாதி, பிழை என்று திரும்பி வரும்.

அந்த நாட்களில் வன்னிக்குள்ளிருந்து வந்த சனம் இராணுவத்தின் கையில் இருந்த வவுனியா நகரத்தில் இருப்பதென்றால் பாஸ் வேண்டும். அக்காவுக்கு இருந்தது மாதப் பாஸ். மாதாமாதம் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டும். இந்த மனிசிக்கு நான் பொறுப்பு என்று உள்ளூர்க்காரரோ அரச உத்தியோகத்தரோ ஒருவர் பிணைக் கையெழுத்தும் வைக்க வேண்டும். பிணை கிடைக்காவிட்டால் அகதி முகாமுக்குப் போக வேண்டியதுதான். முகாமுக்குப் போனால் இடியப்பமும் இல்லை, மகளின் ரியூசனும் இல்லை. அக்காவுக்கு மாக்கடை முதலாளி கையெழுத்து வைத்து வந்தார். அவர் குடும்பத்தோடு கொழும்புக்குப் போகப் போவதாகவும், வருகிற ஆவணி வரைக்கும்தான் கையெழுத்து வைப்பேன் என்றும் சொல்லிவிட்டார். வேறு ஒருவரைக் கேட்க வேண்டிய நிலை. ஆனால் அந்தக் காலத்தில் ஒருவருக்குப் பிணை நிற்பது சின்ன விசயமில்லை. அவர் எங்கே போனாலும் என்ன செய்தாலும் கையெழுத்து வைத்தவனைத்தான் வந்து பிடிப்பார்கள். அதனால் பிணை என்ற கதை எடுத்தாலே எங்கள் சமறியில் எல்லோரும் பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வோம். எனக்குப் பத்திரிகை கிடைக்காத நாட்களில் இடியப்பத்துக்குள் புதைப்பேன்.

இப்படியிருக்க, ஒரு நாள் பாஸ் அலுவலகத்திலிருந்து அக்கா முகம் மலர்ந்து வந்தார். நான் கொட்டில் வாசலில் இடியப்பத் தட்டோடு இருந்தேன்.

"தம்பி, உந்தப் பெரிய புடவைக்கடை முதலாளி இருக்கிறாரெல்லோ, அவருக்கு அங்க இருக்கக் கதிரை குடுத்தவங்கள்."

"ஆர் குடுத்தது?"

"பாஸ் குடுக்கிற மாத்தையாதான். நாங்கள் விடியத் தொடக்கம் வெயிலுக்க நிக்கிறம். அவர் வந்து ஒரு கடிதத்தைக் காட்டினார். கதிரை வந்திட்டுது. என்ன கடிதமெண்டு கேட்டனான். வருமான வரிக் கடிதமாம். அவற்ற பேரில கொழும்பில ஃபைல் கிடக்காம்."

"அதுக்கு?"

"அதுக்கென்னவோ. நானும் கட்டப் போறன். தனக்குக் காசு கட்டுற ஆளை அரசாங்கம் முகாமுக்கு அனுப்புமோ? நீங்கள் கணக்குப் பகுதிதானே, உதுகளெல்லாம் தெரியும்தானே?"

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அக்காலத்தில் அரச ஊழியரின் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. ஆகவே வருமான வரிப் படிவம் வட்டமா சதுரமா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆனால் முகாமைப் பற்றிக் கதைத்தபடியே அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சம்பல் போட்டார். கணக்காளர் என்று ஒருவர் நம்மைப் பார்க்கும்போது, இல்லை, நான் கூட்டல் பார்க்கிறவன் என்று சொல்ல எந்த மனிசனுக்கு மனம் வரும். "ஓம் அக்கா, அதெல்லாம் சின்ன அலுவல்" என்றேன். வாயில் இடியப்பத்தோடு கொடுத்த வாக்கு அது.

படிவத்தை எடுப்பதற்கே பெரும்பாடாகிவிட்டது. கொழும்புக்குப் போன ஒருவரிடம் சொல்லிவிட்டதில் சிங்களத்தில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் வந்தன, தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். ஆங்கிலப் படிவத்தை அகராதியோடு இரண்டு கிழமை படித்தேன். பிறகு தமிழ்ப் படிவமும் வந்தது. அதைப் படித்த பிறகுதான் ஆங்கிலப் படிவம் எவ்வளவு இலகுவானது என்று விளங்கியது. அதில் 'மதிப்பிடத்தக்க வருமானம்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'வரி விதிக்கத்தக்க வருமானம்' என்று இன்னொரு வரி.

"ரெண்டும் ஒண்டோ தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"கிட்டத்தட்ட ஒண்டுதான் அக்கா" என்றேன். என் அறியாமையில் நான் அன்று காட்டிய உறுதியை வேறு எந்த அலுவலிலும் காட்டியதில்லை.

அக்காவின் கணக்குப் புத்தகம் கொட்டில் சுவர்தான். ஒவ்வொரு நாளும் அவித்து முடிய, எத்தனை தட்டு என்று கரியால் கோடு கீறுவார். நான் கோடுகளை எண்ணினேன். ஒரு நாள் விற்பனையைக் கண்டேன். அதை வருசத்து நாட்களால் பெருக்கினேன். வந்த தொகையைப் பார்த்து எனக்கு வியர்த்தது. எங்கள் பிரதம கணக்காளரைவிட அக்காவுக்கு வருமானம் அதிகம். வரி மட்டுமே என் சம்பளத்தை விழுங்கிவிடும் போலிருந்தது.

அக்காவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "நான் அப்பவே நினைச்சனான்" என்று சொல்லிவிட்டு ஒழுங்கை முழுக்க அறிவித்தார். அடுத்த நாளே இரண்டு பேர் கைமாற்றுக் கேட்டு வந்தார்கள். வளவுச் சொந்தக்காரர் கொட்டில் வாடகையைக் கூட்டலாமோ என்று யோசிக்கத் தொடங்கினார். அக்கா மட்டும் மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தி, வரியைக் கட்ட ஒரு வழி காட்டு தாயே என்று செபித்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சந்தோசத்தைக் கெடுத்தவர் கொமர்ஸ் மாஸ்ரர். அவர் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், பாடசாலையில் வர்த்தகம் படிப்பிப்பவர், தலையில் எந்த நேரமும் எண்ணெய் வழியும். என் கணக்கை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"செலவைக் கழிச்சனீரோ?"

"என்ன செலவு?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்தாம் வகுப்புப் பெடியளைப் பார்க்கும் பார்வை அது. "ஐசே, விக்கிற காசெல்லாம் வருமானமோ? மாவுக்கு ஆர் காசு குடுக்கிறது? வித்த காசில இருந்து, அதைச் சம்பாதிக்கப் போன செலவைக் கழிச்சு வாற லாபம்தான் வருமானம். அதோட உம்மட வருசமும் பிழை. தையில தொடங்கி மார்கழியில முடிச்சிருக்கிறீர். வரி வருசம் சித்திரை முதலாம் திகதிதான் தொடங்கிறது."

நாங்கள் சித்திரை என்பது ஏப்ரலைத்தான், ஏப்ரல் முதலாம் திகதி முட்டாள்கள் தினம். அந்த நாளில் தொடங்குகிற ஒரு வருசத்தை நான் எப்படித் தவறவிட்டேன் என்று இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

அன்று பின்னேரமே மூன்று பேரும் கொட்டிலில் இருந்தோம். மாஸ்ரர் செலவைச் சொல்லச் சொல்ல நான் எழுத, அக்கா ஒவ்வொன்றுக்கும் சண்டைக்கு வந்தார். வீட்டுக் கிணற்றைக் கலக்கி இறைத்தால்கூட அவ்வளவு சத்தம் வராது.

"மா, தேங்காய், மிளகாய்" என்றார் மாஸ்ரர்.

"சரி, அது போகட்டும்."

"விறகு."

"விறகு நான் காட்டுக்கரையில பொறுக்கினது. காசு குடுக்கேல்லை. குடுக்காத காசை எப்பிடிக் கழிப்பியள்?"

"அது சரிதான்" என்று மாஸ்ரர் ஒத்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்து, எப்படி என்பது போலத் தலையை ஆட்டினார்.

"கொட்டில் வாடகையில் ஒரு பங்கு. சைக்கிள் தேய்மானம்."

"சைக்கிள் தேயேல்லை. போன மாசம்தான் புது ரயர் போட்டனான்."

"ரயரில்லை அக்கா. பாவிக்கப் பாவிக்க அதின்ர பெறுமதி குறையும். அதை வருசா வருசம் கழிக்கலாம்."

"என்ர சைக்கிளைப் பற்றி உங்களுக்கென்ன தெரியும்?" என்று அக்கா சீறினார். மாஸ்ரர் அடுத்ததுக்குப் போனார்.

"கோவிலுக்கு ஏதும் குடுத்தனீங்களோ? சில நன்கொடைகளைக் கழிக்க விடுவினம்."

"மாதாவுக்குக் குடுத்ததைக் கழிக்கிறதோ? அவா என்ன நினைப்பா?"

அதை விட்டோம். எனக்கு ஒரு யோசனை வந்தது. பாவம், விடியப்புறம் எழும்பி இடுப்பு முறிய வேலை செய்கிறாரே, அந்தக் கூலியையும் செலவாகக் கழிக்கலாமே என்றேன். மாஸ்ரர் இல்லை என்றார். தன் வியாபாரத்தில் தானே உழைக்கிற உழைப்பை ஒருவர் தனக்குச் செலவாகக் கழிக்க முடியாதாம். இதைக் கேட்டு நான் கோபப்பட்டேன், அக்காவோ மகிழ்ந்துபோனார். "அப்ப என்ர உழைப்பு முழுக்க வருமானம்தான். எழுதுங்கோ தம்பி" என்றார்.

கூட்டிக் கழித்துப் பங்குனி முடிவுவரை ஒரு மதிப்புப் போட்டதில் லாபம் என்று ஒரு தொகை மிஞ்சியது. முந்திய தொகை மாதிரி இல்லாவிட்டாலும் மதிப்பாகத்தான் இருந்தது. மாஸ்ரர் அதை மதிப்பிடத்தக்க வருமானம் என்ற இடத்தில் எழுதச் சொன்னார். பிறகு, நான் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று சொன்ன இரண்டு வரிகளுக்கும் நடுவில் விரலை வைத்தார். அந்த இடைவெளியில் ஒரு பள்ளம் இருப்பதை அப்போதுதான் கண்டேன்.

"இதில இருந்து எல்லாருக்கும் பொதுவா ஒரு தொகையைக் கழிக்கவேணும். அரசாங்கம் விடுற சலுகை அது. அதைக் கழிச்சு மிஞ்சுறதுதான் வரி விதிக்கத்தக்க வருமானம். அதுக்கு மட்டும்தான் வரி."

"எங்களுக்கு எவ்வளவு மிஞ்சுது?" என்று அக்கா கேட்டார்.

"மிஞ்சேல்லை. சலுகை உங்கட லாபத்தை விடப் பெரிசு. வரி பூச்சியம்."

 அக்கா முந்தானையில் மூக்கைச் சிந்தி அழுதார். "அவையளிட்ட ஆர் சலுகை கேட்டது?" என்றார். "நான் வருசம் முழுக்க நெருப்புக்க நிண்டது அவையளுக்குப் பூச்சியமோ?" மாஸ்ரர் எண்ணெய் வழிந்த தலையைச் சொறிந்தார். நான் படிவத்தை மடித்தேன். அழுகிற ஒரு மனிசிக்கு, நீங்கள் கொடுத்துவைத்தவர் என்று எப்படிச் சொல்வது.

ஆனால் அடுத்த நாள் விடியவே அக்கா ஜன்னலுக்கு வெளியில் நின்றார். "பங்குனி முடிய இன்னும் மாசம் கிடக்குத்தானே தம்பி? லாபம் அந்தச் சலுகையைத் தாண்டினாச் சரிதானே?"

அன்று தொடங்கியது எங்களுக்குச் சனியன். அக்கா மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் தொடங்கினார். ஊரில் இருந்த நிவாரண நிறுவனங்களின் அலுவலகங்களுக்கு எல்லாம் மீன்குழம்போடு பார்சல் போனது. இடியப்பம் இரட்டிப்பானது. ஆள் வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும், சம்பளம் கொடுத்தால் அது செலவு, செலவென்றால் லாபம் குறையும், லாபம் குறைந்தால் வரி போய்விடும். ஆகவே சம்பளமில்லாத ஆட்கள் தேவைப்பட்டார்கள். சமறியில் நாங்கள் இருந்தோம்.

விடிய எழும்பி இடியப்ப உரலைப் பிழிவேன். நான் பிழிந்தவை வட்டமாக வந்ததில்லை. அவற்றை அக்கா தனியாக எடுத்து வைத்து, கச்சேரி இடியப்பம் என்று பெயர் சூட்டி, காலையில் எனக்கே தந்தார். அலுவலகத்துக்குப் போகும் வழியில் சைக்கிள் ஹாண்டிலின் இரு பக்கமும் பார்சல் தொங்கும். ஒரு நாள் பிரதம கணக்காளர் அதைக் கண்டுவிட்டார். "ஏன் ஐசே, சம்பளம் காணாதோ?" என்று கேட்டார். வருமான வரி அலுவல் சேர் என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கும்போது கொஞ்சம் தள்ளி நின்றே கதைத்தார்.

மாசியில் ஓர் இடி விழுந்தது. வளவுச் சொந்தக்காரர், மகளின் கலியாணத்துக்கென்று வீட்டுக்கு வெள்ளையடித்தார். வெள்ளையடித்தவர்கள் நல்ல மனிதர்கள், கூலி கூடக் கேட்காமல் கொட்டில் சுவருக்கும் சேர்த்து அடித்துவிட்டார்கள். வருசத்துக் கணக்கு முழுவதும் சுண்ணாம்புக்குக் கீழே போய்விட்டது. அக்கா சுவரைத் தடவிப் பார்த்தார். நான் மெல்ல வெளியே போகப் பார்த்தேன். கடைசியில் மாஸ்ரர்தான் மூளையைப் பாவித்து, கொட்டிலின் மூலையில் கிடந்த வெறும் மாச்சாக்குகளை எண்ணச் சொன்னார். ஒரு சாக்கு மாவில் எத்தனை தட்டு என்று பார்த்துத் திரும்பவும் கணக்கைக் கட்டினோம். மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை மாவாகிவிட்டோம்.

சித்திரை கழிந்து கச்சேரியில் நடமாடும் சேவை வந்தது. கொழும்புத் திணைக்களங்கள் எல்லாம் ஆளுக்கொரு மேசை போட்டு, சனத்தின் அலுவல்களை அங்கேயே முடித்துக் கொடுக்கும் நாள் அது. பிறப்புச் சான்றிதழ் மேசையில் சனம் மொய்த்தது, அடையாள அட்டை மேசையில் அடிபட்டது. வருமான வரி மேசையில் ஒரு சிங்கள உத்தியோகத்தர் தனியாக இருந்தார். காலையிலிருந்து அவரிடம் வந்தவர்கள் எல்லாம் மற்ற மேசைகளுக்கு வழி கேட்டவர்கள்தான். அக்கா கோவிலுக்குப் போகிற சேலை உடுத்து, படிவத்தோடு அவர் முன்னால் போய் நின்றார். அவர் தமிழ் நன்றாகப் பேசினார்.

"பிறப்புச் சான்றிதழ் அந்தப் பக்கம் அம்மா."

"இல்லை ஐயா, வரி கட்ட வந்தனான்."

அவர் நிமிர்ந்து இருந்தார். "உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா?"

"இல்லை."

"அப்ப யார் வரச் சொன்னது?"

"நான்தான்."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் கச்சேரி முகட்டைப் பார்த்தேன். படிவத்தை வாங்கி, சிவப்புப் பேனையை எடுத்து, மேலிருந்து கீழே வந்தார். நல்ல மனிசன். அக்காவுக்கு உதவி செய்வதாக நினைத்து, எங்கே கழிக்கலாம் என்று தேடினார். பார்சல் சுற்றுகிற தாளைக் கழித்தார், மண்ணெண்ணெயைக் கழித்தார். சைக்கிள் தேய்மானத்துக்கு வந்தார்.

"ஐயா, வெட்டாதேங்கோ" என்று அக்கா கெஞ்சினார். "உதை விடுங்கோ. இன்னும் வெட்டினால் ஒண்டும் மிஞ்சாது."

"அம்மா, நான் முப்பது வருசமா இந்த வேலை செய்யிறேன்" என்றார் அவர். "எல்லாரும் வெட்டச் சொல்லித்தான் அழுவாங்க."

கடைசியில் கோடு கீறிக் கூட்டினார். சலுகையைக் கழித்த பிறகும் ஒரு சிறு தொகை உயிரோடு இருந்தது. அதற்கு முதற்படி வீதத்தில் வரி போட்டால், நல்ல மீன் ஒன்று வாங்கும் காசு வரும். அக்கா சந்தோசத்தில் முகத்தை மூடிக்கொண்டார். வங்கிக்கு ஓடினோம். காசாளர் மிச்சச் சில்லறையை நீட்டியபோது அக்கா கையை விரிக்கவில்லை. "பரவாயில்லை, வைச்சிருங்கோ, அரசாங்கத்துக்கும் செலவு இருக்கும்தானே" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

வரி இலக்கம் போட்ட கடிதமும் ரசீதும் கிடைத்தன. இரண்டும் சிங்களத்தில். அக்கா கடிதத்தைப் பிளாஸ்ரிக் உறை போட்டுப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதம் பாஸ் அலுவலகத்துக்குப் போனார். நானும் மாஸ்ரரும் கதிரை கிடைத்த கதையைக் கேட்கக் காத்திருந்தோம். அக்கா வந்து அடுப்படியில் குந்தினார்.

"என்னவாம்?"

"திருப்பித் திருப்பிப் பாத்தான். நல்லது எண்டு சிரிச்சான். பேந்து, பிணைக்கு ஆளைக் கூட்டிவா எண்டிட்டான்."

அன்றைக்கும் மாக்கடை முதலாளிதான் கையெழுத்து வைத்தார். ஆடி பிறந்தது. அக்கா வரியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. கடையைக் காலி பண்ணுகிற முதலாளியைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் பிணை என்ற கதையை நாங்கள் எடுக்கவில்லை. பத்திரிகையை மட்டும் நல்ல விரிவாகப் படித்தோம்.

ஆவணியில் ஒரு காலை இராணுவத்தினர் எங்கள் பகுதியைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களை எல்லாம் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லோரும் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி வெளியே போனார்கள். நான் சட்டைப் பைக்குள் கை விட்டேன். என் அடையாள அட்டை, அலுவலக அட்டை, இரண்டும் முதல்நாள் கழற்றிய சட்டைப் பையில், சலவைக்காரரிடம் போய்விட்டிருந்தன. பிறருடைய வவுச்சரில் ஒரு சதம் குறைந்தால் பிடிக்கிற எனக்கு, என்னையே தொலைத்தது தெரியவில்லை. மாஸ்ரர் என்னைப் பற்றி எடுத்துச் சொல்லப் போக, அவரையும் அதட்டி அனுப்பினார்கள். வெயில் ஏற ஏற மைதானத்தில் ஆட்கள் குறைந்தார்கள். மிஞ்சியவர்களை ஒரு லொறியில் ஏற்றுவதற்கு ஆயத்தம் நடந்தது. அப்போது எனக்குப் பயம் வந்தது. வேடிக்கையாகச் சொல்ல முடியாத பயம். அப்படி லொறியில் ஏறியவர்களில் திரும்பி வராதவர்களையும் எங்கள் ஊருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் மைதான வாசலில் ஒரு சத்தம் கேட்டது. சுடுதண்ணி அக்கா, கையெல்லாம் மா, பிளாஸ்ரிக் உறைக் கடிதத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, காவலுக்கு நின்றவனைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தார்.

அக்காவின் சிங்களம் முழுவதும் சோதனைச் சாவடியில் பொறுக்கியது. அங்கே அவர் கேட்டதெல்லாம் கட்டளைதான். ஆகவே அவருக்குத் தெரிந்ததும் அதுதான். நேராக அதிகாரியிடம் போய், அந்த மொழியில், "நில். இங்கே வா. இதைப் பார். வாசி" என்றார்.  அதிகாரி இளம் வயதுக்காரன். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, கடிதத்தை வாங்கி வாசித்தான். வாசிக்க வாசிக்க அவன் வாய் கோணியது.

"நீ வரி கட்டுறதா?" என்று உடைந்த தமிழில் கேட்டான். "என்ர அப்பாவே கட்டுறதில்லை."

"கட்டுறன். மிச்சக் காசும் வாங்கேல்லை."

"இந்த ஆள் யார்?"

"என்ர கணக்கப்பிள்ளை. இவரைக் கொண்டுபோனால் வருசக் கடைசியில என்ர கணக்கை ஆர் பாக்கிறது? நீங்களோ?"

"இவனுக்கு யார் பொறுப்பு?"

அக்கா ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நான் பொறுப்பு" என்றார்.

அவன் ஒரு கொப்பியை நீட்டினான். அக்கா மாக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். கடிதத்துக்காக விட்டானா, சிரிப்பு வந்ததால் விட்டானா, வெயிலில் களைத்துப்போய் விட்டானா, எனக்குத் தெரியாது. போ என்றான். போனேன். என் கால்கள் எனக்கு முன்னாலேயே போய்விட்டன.

ஒழுங்கையில் அக்கா முன்னால் நடந்தார். கொஞ்சம் மூச்சு வந்த பிறகு கேட்டேன்.

"அக்கா, உங்கட பாஸே இந்த மாசத்தோட முடியுது. நீங்கள் எப்பிடி எனக்குப் பொறுப்பு நிக்கிறது?"

"இந்த மாசம் முடிய இன்னும் நாள் கிடக்குத்தானே."

"எனக்கு ஏதும் நடந்தா உங்களையல்லோ பிடிப்பாங்கள்?"

"பிடிச்சா இடியப்பம் பிழிய விடுவாங்களோ எண்டு கேப்பன்." பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "தம்பி, ஒராளிட்டப் போய் எனக்குப் பிணை நில்லுங்கோ எண்டு கேக்கிறது எவ்வளவு பாரமெண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் உத்தியோகம் கிடக்கு, பிள்ளை குட்டி கிடக்கு. ஒருத்தரையும் கரைச்சல்படுத்தக்கூடாது எண்டுதான் அரசாங்கத்தையே பிணைக்குப் பிடிச்சுப் பாத்தனான். அது ரசீது மட்டும்தான் தந்தது."

நான் நின்றுவிட்டேன்.  வெட்கத்தில் நின்றேனா அன்பில் நின்றேனா என்று பிரித்துக் கணக்கெழுத இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு அக்காவோடு பாஸ் வரிசையில் நின்றேன். "வேண்டாம் தம்பி, வேலைக்குப் போங்கோ" என்று அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.  ஜன்னலடியில், பிணைக்காரர் என்ற இடத்தில் என் பெயரையும் பதவியையும் விலாசத்தையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். அரச உத்தியோகத்தர் பிணை என்பதால் நீண்ட காலப் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். கதிரை தரவில்லை. மாஸ்ரர் வீட்டில் காத்திருந்து, அடுத்த முறை தான் வைப்பதாகச் சொன்னார்.

அடுத்த பங்குனியும் முடிந்தது. மகள் பரீட்சை எழுதிவிட்டிருந்தாள். மூவரும் கொட்டிலில் திரும்பவும் படிவத்தோடு இருந்தோம். இப்போது நான் கொஞ்சம் தேறியிருந்தேன், கழிக்கக்கூடிய செலவுகளை எல்லாம் ஒழுங்காக எழுதினேன். கடைசியில், வருசம் முழுக்க எனக்குத் தந்த காலைச் சாப்பாட்டைக் கணக்கு வேலைக்கான கூலி என்று ஒரு வரியில் போட்டேன். அது சட்டப்படி சரியா என்று மாஸ்ரரைப் பார்த்தேன்.

"வெளியாளுக்குக் கூலியாக் குடுத்தால் கழிக்கலாம்" என்றார் மாஸ்ரர். "வீட்டுச் சனம் சாப்பிட்டதைத்தான் கழிக்க ஏலாது."

அக்கா என் கையிலிருந்த பேனையை வாங்கினார். அந்த வரியை இரண்டு தரம் அழுத்தி வெட்டினார்.

"அப்ப உதைக் கழிக்காதேங்கோ" என்றார். "கூடுற வரியை நான் கட்டுறன்."